வாசு வாத்துக்கு நான் போட்ட கையெழுத்து

எங்கள் கம்பெனியில் வயதாகி ஓய்வு பெற்ற முதல் ஆள் நான்தான். செல்போன் கேம் செய்யும் கம்பெனி. வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் இருபத்தைந்து, மிஞ்சிப்போனால் முப்பத்தைந்து வயது. ஒருவர் விலகுகிறார் என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார் என்று அர்த்தம். எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்து, வீட்டுக்குப் போகிறேன் என்றதும் நிர்வாகப் பிரிவுப் பெண் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்தாள். "நீலாக்கா, விலகுற காரணத்துல ஓய்வுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. சொந்தக் காரணம்னு போட்டுக்கவா?" என்றாள். போட்டுக்கொள்ளம்மா என்றேன். வயசாவதும் சொந்தக் காரணம்தானே.

வழியனுப்பு நாளில் கேக் வெட்டி முடித்ததும் ஷாகுல் என்கிற டெஸ்டர் ஒரு கேள்வி கேட்டான். டெஸ்டர் என்றால் கேம் வெளியே போவதற்கு முன் அதில் என்ன தப்பு இருக்கிறது என்று பார்ப்பவர். இருபது வருஷம் நான் பார்த்ததும் அந்த வேலைதான். இப்போது அதில் பாதியைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. ஒரே பொத்தானை ஆயிரம் தடவை அமுக்கச் சொன்னாலும் அதற்குக் கை வலிக்காது. "இத்தனை வருஷத்துல நீங்க புடிச்சதுலயே பெரிய தப்பு எதுக்கா?" என்றான் ஷாகுல். பிடித்ததை விடு, பிடிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதுதான் பெரியது என்று ஆரம்பித்தேன். அதற்குள் சமோசா வந்துவிட்டது. சமோசாவுக்கு முன்னால் யார் பேச்சு நிற்கும்? அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது கணக்கு. பார்த்த முதல் வேலை தஞ்சாவூரில் இன்சூரன்ஸ் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒரு இடத்தில், மற்றவர்கள் ஏற்றியதில் தப்பு பார்ப்பது. அந்த இடத்தை மூடியபோது, மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு பம்புசெட் கடைக்கு மேலே கேம் கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்கள், தப்பு பார்க்க ஆள் வேண்டுமாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. செல்போனில் பாம்பு விளையாட்டுகூட ஆடியதில்லை. பயிற்சி மூன்று நாள். முதல் நாள் விளையாடுங்க என்றார்கள். இரண்டாம் நாள், ஏன் விளையாடிக்கிட்டே இருக்கீங்க, சோதிங்க என்றார்கள். மூன்றாம் நாள் வேலை கொடுத்துவிட்டார்கள்.

எங்களுடைய பெரும்பாலான வேலை லைசென்ஸ் கேம். அதாவது, ஒரு சினிமா நாயகனோ டிவி கார்ட்டூன் பொம்மையோ வேறு ஒருவருக்குச் சொந்தம். அவர்களிடம் உரிமம் வாங்கி அந்தப் பெயரில் நாங்கள் கேம் செய்வோம். எங்கள் பெயர் ஆரம்பத்தில் ஒரு நொடி வந்து போகும், யாரும் படிக்கமாட்டார்கள். என் முதல் லைசென்ஸ் கேம் ஒரு சினிமாவுக்கு, பட்டன் போனில் ஆடுவது. படம் வெளியாகும் நாளில் கேமும் வெளியாக வேண்டும் என்று படக்காரர்கள் பிடித்த பிடியில் நின்றார்கள். மூன்றாவது கட்டத்தில் கேம் உறைந்து நின்றது. தெரிந்தேதான் விட்டோம். அடுத்த வாரம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரத்தநாடு பஸ்ஸுக்கு நிற்கிறேன், பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அந்த நடிகர் பெயரைச் சொல்லி, "இவரு படமும் வெத்து, கேமும் வெத்துடா" என்றான். பாவம், அந்த மனிதர் எங்கள் ஆபீஸ் மாடிப்படியைக்கூடப் பார்த்ததில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவளுக்கு, சொந்த நகை போட்டவளைவிடக் கழுத்தில் இரண்டு மடங்கு கவனம் இருக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு அது மனதில் தங்கிவிட்டது.

எனக்கு மேலே இருந்தவர் சந்தானம் சார். கம்பெனியில் பங்குதாரர், அதனால் அவருக்கு ஓய்வும் கிடையாது, இன்றும் வருகிறார். அவர் அப்பா கும்பகோணத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். நிலத்தின் நான்கெல்லையில் ஒரு வார்த்தை பிசகினால் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர் இவர். நாங்கள் எழுதித் தரும் ஒவ்வொரு தப்பையும் எழுந்து நின்று, பத்திரம் படிப்பதுபோல் வாய்விட்டுப் படிப்பார். கையில் பென்சில். பிடிக்காத வார்த்தை வந்தால் திட்டமாட்டார், படிப்பதை நிறுத்திவிடுவார். அந்த மௌனம் திட்டைவிட மோசம். ஒருமுறை "சில சமயம் ஸ்கிரீன் கறுப்பாகிவிடுகிறது" என்று எழுதியிருந்தேன். நிறுத்தினார். "நீலாம்மா, எந்த சமயம்?" என்றார். தெரியலை சார், சில சமயம் என்றேன். "சில சமயம்னு ஒரு சமயம் கிடையாதும்மா. நமக்கு இன்னும் தெரியாத சமயம்னு வேணா ஒண்ணு இருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு அப்புறம் "சில சமயம்" என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் நானே விரட்டிவிடுவேன். குருவை மிஞ்சிய சிஷ்யை. அதனால்தான் பிறகு மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வாசு வாத்து வந்தது. குழந்தைகளுக்கான டிவி கார்ட்டூன், சென்னையில் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அவர்கள் முதலில் அனுப்பியது ஒரு கையேடு. வாசுவின் அலகு என்ன மஞ்சள், வாலில் எத்தனை இறகு, தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், எல்லாம் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் வாசு செய்யவே செய்யாத காரியங்கள்: வாசு பொய் சொல்லாது. வாசு யாரையும் கேலி செய்யாது. வாசு யாரையும் விட்டுவிட்டுப் போகாது. அதைப் படித்துவிட்டு எங்கள் புரோகிராமர் பிரபு, "நம்ம ஆபீஸ்ல யாருக்குமே இந்த வாத்து வேலை கிடைக்காதுபோல" என்றான்.

கேமில் மூன்றாவது கட்டம்தான் உயிர். அறுவடை முடிந்த வயலில் பத்துக் குஞ்சுகள் சிதறிக் கிடக்கும். வாசு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு, வரப்பில் ஏறி, வாய்க்கால் தாண்டி, மதகு வழியாகக் குளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சின்னக் குழந்தைக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். குளத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான், அதுவரை ஆடியது போனில் பதிவாகும்.

எங்கள் சோதனை முறை இது. காலையில் புரோகிராமர்களிடமிருந்து கேமின் புதுப் பதிப்பு வரும். ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் போன்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் முதுகிலும் எண் ஒட்டியிருக்கும். மூன்று பட்டியல். முதலாவது, கேம் ஓடுகிறதா. இரண்டாவது, கையேட்டில் சொன்னபடி வாசு வாசுவாக இருக்கிறதா. மூன்றாவது, குறுக்கீடு. ஆடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால், மெசேஜ் வந்தால், அலாரம் அடித்தால், சார்ஜ் குறைந்தால் கேம் என்ன ஆகிறது என்று பார்ப்பது. நானே மேஜை போனிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் கூப்பிடுவேன். எடுத்துப் பேசி, வைத்துவிட்டுப் பார்த்தால் வாசு விட்ட இடத்திலேயே நிற்கும், பின்னால் குஞ்சுகளும். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டேன். சந்தானம் சார் மூன்று பட்டியலையும் நின்றுகொண்டே படித்தார். எங்கேயும் நிறுத்தவில்லை. கேம் வெளியே போனது.

வாசு நன்றாக ஓடியது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பட்டுக்கோட்டையில் இருக்கும் என் தங்கை மாலதி வீட்டுக்குப் போனபோது, அவள் போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன். அவள் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. "பெரியம்மா பண்ண கேம்டி" என்று சொன்னேன். கொஞ்சம் பொய்தான், இருந்தாலும் பெருமைக்குச் சொன்னது.

கேமை இறக்கிக்கொள்ளும் ஸ்டோரில் கேமுக்குக் கீழே ஆட்கள் எழுதும் குறைகளைப் பார்ப்பதும் என் வேலை. ஒருநாள் ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்து யாரோ எழுதியிருந்தார்கள்: "சில சமயம் வாசு குஞ்சுகளை விட்டுட்டுப் போயிடுது. பொண்ணு அழுவுறா." அதே மாதிரி இன்னும் இரண்டு மூன்று. நான் என்ன செய்தேன்? "சில சமயம்" என்ற வார்த்தையைப் பார்த்தேன், "தகவல் போதாது" என்று குறித்து மூடிவிட்டேன். அந்தப் பெண் அழுவதைப் படித்தேன், படித்துவிட்டுத்தான் மூடினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஒரு மாதம் கழித்து மாலதி போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் செந்தில் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக், இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை. தினமும் சாயங்காலம், நம் ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணிக்கு, அவருக்கு டீ வேளை. அந்தப் பத்து நிமிஷத்தில் நெட்டில் வீடியோ கால் போட்டு மகளைப் பார்ப்பார்.

"யாழினி அவரு போனையே எடுக்க மாட்டேங்குறாக்கா. அடிச்சா கட் பண்ணிடுறா. மூணு வாரமா இதே கதை. நான் புடுங்கிக் குடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குறா. 'புள்ளைக்கு என்னைய மறந்துபோச்சா மாலதி'ன்னு நேத்து கேட்டாரு. அப்பறம் வச்சிட்டாரு. காதுகுத்துக்கு வரலேன்னு கோவமா இருக்குமோன்னு அவருக்கு நெனப்பு. நீ வந்து என்னன்னு கேளு, ஒன்கிட்ட சொல்லுவா."

அந்தச் சனிக்கிழமை போனேன். யாழினி ஊஞ்சலில் உட்கார்ந்து வாசு ஆடிக்கொண்டிருந்தாள். நான் எதிரே முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு மணி அடித்தது. ஸ்கிரீன் முழுக்கச் செந்தில் முகம். பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானைத் தள்ளிவிட்டுத் திரும்பியது. பதினைந்து வருஷமாக விரல்களைப் பார்த்தே பிழைத்தவள் நான். பார்க்காமல் அமுக்குகிறாள் என்றால் பல தடவை அமுக்கிப் பழகியிருக்கிறாள்.

"ஏண்டி, அப்பா மேல கோவமா?" என்றேன்.

"இல்ல பெரியம்மா."

"அப்பறம் ஏன் கட் பண்ற?"

"போன எடுத்தா வாசு குஞ்சையெல்லாம் விட்டுட்டு வந்துடும் பெரியம்மா. அதுங்க திரும்ப வயல்ல போய்க் கெடக்கும். அதுங்களுக்கு யாரும் இல்ல."

முறுக்கைத் தட்டில் வைத்தேன். போனை வாங்கி, நானே செந்திலை வீடியோவில் கூப்பிட்டு, "நல்லாயிருக்கீங்களா தம்பி" என்று இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வைத்தேன். கேமுக்குத் திரும்பினேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. வயலின் ஓரத்தில் வாசு மட்டும் தனியாக நின்று, தொப்பியைச் சாய்த்துக்கொண்டு சிரித்தது. யாழினி என் கையிலிருந்து போனை வாங்கி, முதல் குஞ்சைத் தேட ஆரம்பித்தாள். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. அப்பாவைப் பார்க்காமல் அந்தப் பிள்ளை காப்பாற்றிக்கொண்டிருந்தது நான் சரி என்று கையெழுத்துப் போட்ட வாத்தை.

திங்கட்கிழமை காலை சந்தானம் சார் முன்னால் போய் நின்றேன். நான் மூடிவிட்ட குறைகளை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். அதற்கு முன்பே தாம்பாளத்துப் பழைய போன்களில் வீடியோ கால் போட்டுப் பார்த்திருந்தேன். வழக்கம்போல் எழுந்து நின்று படித்தார். "சில சமயம்" என்ற இடத்தில் நிறுத்தினார். "எந்த சமயம்?"

"நெட் கால் எடுத்துப் பேசிட்டுத் திரும்புற சமயம் சார். மெமரி கம்மியான பழைய போன்ல. சில சமயம் இல்ல, ஒவ்வொரு தடவையும்."

சின்ன போனில் வீடியோ கால் எடுத்தால், இடம் போதாமல் போனே கேமை மூடிவிடுகிறது. குளத்துக்குப் போய்ச் சேராததால் ஒன்றும் பதிவாகியிருக்காது. சாதாரண காலில் இந்தப் பிரச்சினை இல்லை, நான் சோதித்ததெல்லாம் சாதாரண கால்.

"பட்டியல்ல நெட் கால் ஏன் இல்ல?" என்றார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரபுவின் போன் அடித்தது. சிங்கப்பூரில் இருக்கும் அவன் அண்ணன். பிரபு போனை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து மாடிப்படிக்குப் போனான். நானும் சாரும் அவன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்கு வெளிநாட்டில் யாராவது உண்டு. அந்தக் கால் வந்தால் கையில் என்ன இருந்தாலும் வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போய்விடுவோம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அது ஒரு மரியாதை. வந்தால் எழுந்து போய்விடுவதால், அது எங்கள் வேலைக்குள் வரவே இல்லை. டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு, டெல்டா வீடுகளில் தினமும் அடிக்கும் போனை நாங்கள் பட்டியலில் போடவில்லை.

பதிவை அடிக்கடி செய்ய வைப்பது பிரபுவுக்கு இரண்டு நாள் வேலை. ஆனால் குழந்தை திரும்பி வரும்போது வாசு என்ன செய்துகொண்டிருக்கும்? உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்றேன். கையேட்டில் வாசு உட்காரும் படமே கிடையாது. புதுப் படம் என்றால் சென்னைக் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் கேட்டால் தப்பை நாமே சொல்ல வேண்டும். அப்போதுதான் அடுத்த வாசு கேமையும் எங்களுக்கே தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"சொன்னா அடுத்த கேம் போனாலும் போகும்" என்றார் சார்.

"சொல்லலேன்னா சார்?"

கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். "சொல்லலேன்னா நம்மளுக்கு ஒண்ணும் ஆகாது. வாசுதான் கெட்ட பேர் வாங்கும்" என்றார். பிறகு அவரே சென்னைக்குப் போன் போட்டார்.

அங்கே ஒப்புதல் தருபவர் வசுந்தரா மேடம். நல்ல மனுஷிதான், ஆனால் எதற்கும் இடம் கொடுக்காதவர். பழைய போன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தானே, அடுத்த அப்டேட்டில் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், புதுப் படமெல்லாம் வேண்டாம் என்றார். சார் வாதாடவில்லை. தாம்பாளத்தில் ஆக மட்டமான போனை எடுத்து, பத்துக் குஞ்சோடு வாசு வாய்க்கால் தாண்டும்வரை என்னை ஆடச் சொன்னார். அதை லேப்டாப் கேமராவில் மேடத்துக்குக் காட்டினார். "மேடம், இப்ப இந்த நம்பருக்கு நீங்களே ஒரு வீடியோ கால் போடுங்க" என்றார். அவர் போட்டார். சார் எடுத்து, சென்னையில் மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்தார். கேமைத் திறந்து கேமரா முன்னால் பிடித்தார்.

"குஞ்சுங்கள்லாம் எங்க?" என்றார் வசுந்தரா மேடம். அந்தக் கையேட்டின் முதல் பக்கத்தை எழுதியதே அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

ஒப்புதல் கிடைத்தது, ஆனால் லேசில் இல்லை. எங்கள் ஓவியர் மன்னார்குடிக்காரர், வாத்து மந்தையைப் பார்த்து வளர்ந்தவர். வாத்து ஓய்வெடுக்கும் விதத்திலேயே, ஒற்றைக் காலில் நின்று அலகை முதுகில் செருகிக்கொண்டு இருப்பதுபோல் வரைந்து அனுப்பினார். ஒரு காலைக் காணோம் என்று பிள்ளைகள் பயப்படும், தலையும் தெரியவில்லை என்று மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். நிஜ வாத்து இப்படித்தான் இருக்கும் என்று ஓவியர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் முடிவானது: வாசு வரப்பில் இரண்டு காலையும் மடக்கி உட்கார்ந்திருக்கும், கண் திறந்திருக்கும், சுற்றிலும் அதுவரை சேர்ந்த குஞ்சுகள். தாம்பாளத்துப் போன் ஒவ்வொன்றிலும் நெட் கால் போட்டுப் பார்த்த பிறகுதான் இந்தத் தடவை கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாசு கேம் எங்களுக்கு வரவில்லை, வேறொரு கம்பெனிக்குப் போனது. இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சந்தானம் சார் குறுக்கீட்டுப் பட்டியலின் தலையில், எல்லாவற்றுக்கும் முதல் வரியாக, தன் கையால் பென்சிலில் "வெளிநாட்டு கால்" என்று எழுதி வைத்தார். இன்றைக்கு அந்தச் சோதனையைக் கம்ப்யூட்டர்தான் செய்கிறது. அந்த வரியை அதற்குக் கொடுத்தது நாங்கள்.

அப்டேட் வந்த வாரமே பட்டுக்கோட்டைக்குப் போனேன். மாலதியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாளே நான் போனில் யாழினிக்கு மட்டும், இனிமேல் போனை எடுத்தாலும் வாசு உட்கார்ந்து காத்திருக்கும் என்று சொல்லியிருந்தேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. என்னை நம்பி ஒருமுறை ஏமாந்தவள்தானே.

ஐந்தரைக்கு மணி அடித்தது. வாசு மதகுப் பக்கம் நின்றது, பின்னால் ஒன்பது குஞ்சு. யாழினி என்னைப் பார்த்தாள். விரல் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் நின்றது. பச்சையைத் தள்ளினாள்.

செந்தில் "எப்புடிம்மா இருக்க" என்று கேட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம், டீச்சர், விழுந்த பல் என்று பேச்சு போனது. பாதியில் கேமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்ப அப்பா முகத்துக்கு வந்தாள். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாசு உட்கார்ந்திருந்தது. குஞ்சுகளை எண்ணினேன், ஒன்பதும் இருந்தது.

"வெளாட்டுல இருந்தியா? சரிம்மா, நீ வெளாடு. அப்பா வச்சிரட்டுமா?" என்றார் செந்தில்.

"வேணாம்ப்பா" என்றாள் யாழினி. "அது எங்கயும் போவாது. நீங்க பேசுங்க."